இரண்டு பேர் எடைக்கு

"நீயும் ஏறி உக்காரு ஜெரூஷா. மலைக்கு ரெண்டு பேரும்தானே போறோம்? உன் வெயிட்டையும் சேர்த்துத்தான் அளக்கணும்" என்றார் என் கணவர் காலேப்.

குரோம்பேட்டை ஒர்க்‌ஷாப்பில், எங்கள் பிக்கப்பின் முன்பக்கத்தை இரண்டு அங்குலம் உயர்த்த ஸ்பிரிங் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தோம். உயர்த்திய வண்டி மலை வளைவில் கவிழ்ந்துவிடாதா என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

"சும்மா கட்டை வச்சு தூக்குனாதான் பேஜாரு மேடம். இது ஸ்பிரிங், ஷாக் எல்லாமே புதுசு" என்றார் மெக்கானிக் தணிகாசலம். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு வரை டேப் பிடித்தார். "டிரைவர் சைடு ஒரு விரல் தாழ்ந்து கீது சார்."

"அது என் தொப்பைப்பா" என்றார் காலேப். சிரித்துக்கொண்டே ஆர்டர் கொடுத்தோம்.

மறுநாள் ஞாயிறு. ஆலயத்துக்குக் கிளம்பச் சட்டை போடும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டார்.

பாகங்கள் வந்ததும் தணிகாசலம் தயங்கித் தயங்கிப் போன் செய்தார். "தனியா ஓட்டுனா தூக்கித் தூக்கிப் போடும் மேடம். திருப்பி அனுப்பிடட்டா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதன்பின் ஒர்க்‌ஷாப்பிலிருந்து போன் வந்தால் எடுக்கவில்லை. அனுப்பிவிட்டால் காலேப் கடைசியாகத் தேர்ந்தெடுத்ததும் போய்விடும். மாட்டினால் அந்த வண்டியை நான் ஒருத்தியாக ஓட்ட வேண்டும்.

கடைசியில் வண்டியை நானே ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப் போனேன். "அவர் சொன்னதையே மாட்டுங்க."

மாட்டுவதற்கு முன் தணிகாசலம் மறுபடி அளந்தார். நான் இறங்கி நின்றிருந்தேன். வண்டிக்குள் யாருமில்லை. டிரைவர் பக்கம் அதே ஒரு விரல் தாழ்ந்திருந்தது.