சிவப்பு பிளக்

ஆயுத பூஜை அன்று காலை ஆறு மணிக்கே குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. செல்வலட்சுமி நடுவீட்டைக் கழுவித் துடைத்தாள். சாமி படத்துக்குக் கீழே பலகையைப் போட்டு, அண்ணன் விஜயபாண்டியின் சாமான்களைக் கொண்டுவந்து அடுக்கினாள். ஸ்பேனர், சுத்தியல், சால்டரிங் அயர்ன், கம்பிச்சுருள். ராஜபாளையத்தில் அவன் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தான்.

கடைசியாகத் தன்னுடைய ஷூவைக் கழுவிக் கொண்டுவந்தாள்.

"ஏட்டி, செருப்பக் கொண்டாந்து சாமி முன்னால வைக்கே?" என்றாள் அம்மா கருத்தம்மாள்.

"செருப்பில்லம்மா, ஷூ. இதுதான என்னைய பாஸாக்குச்சு."

போலீஸ் தேர்வில் எழுத்தும் ஓட்டமும் முடிந்திருந்தன. மெடிக்கல் மட்டும் பாக்கி. அடுத்த வியாழன் விருதுநகருக்கு வரச் சொல்லியிருந்தார்கள். இந்த முறை விட்டால் வயது தாண்டிவிடும்.

"ஓரமா வையி" என்றாள் கருத்தம்மாள்.

விஜயபாண்டி தோளில் துண்டோடு வந்து நின்றான். அலமாரியின் மேலிருந்து தன் ரிமோட் விமானத்தையும் ரிமோட்டையும் எடுத்துத் தங்கையிடம் கொடுத்தான். நாலடி இறக்கை. லேசான பால்சா மரத்தில் அவனே செய்தது.

"இதையுமா? ஆயுதத்தத் தான் வைக்கணும். இது வெளாட்டுச் சாமான்."

"நீ போலீஸாகி என்னையப் பிடிக்க வரும்போது இதுல தான் தப்பிக்கணும். வையி."

அவன் கொல்லைப்பக்கம் குளிக்கப் போனான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி, தண்ணீர் இல்லாத ஒரு கண்மாய்க்குள் அவனும் இம்மானுவேலும் விமானம் விடுவார்கள். இம்மானுவேல் ஸ்ரீவில்லிபுத்தூரில் செல்போன் பழுது பார்ப்பவன். பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் சிவப்பு வயரை விஜயபாண்டி நடுவில் வெட்டி, இரண்டு முனைகளையும் விமானத்தின் விலாவில் ஒரு சாக்கெட்டுக்குக் கொண்டுவந்திருந்தான். அதில் கட்டைவிரல் அளவு சிவப்பு பிளக்கைச் செருகினால்தான் வயர் சேரும். பிளக் இல்லையென்றால் விமானம் வெறும் மரம். பிளக் எப்போதும் அவன் சட்டைப்பையில் இருக்கும்.

"வீட்டுக்குப் போகும்போது பேட்டரியையும் கழத்திருலே" என்று இம்மானுவேல் போன வாரம்கூடச் சொன்னான். "இல்ல, மூக்குல உள்ள காத்தாடியக் கழத்து. ரிமோட்லயாவது மோட்டார நிறுத்த ஒரு கட் சுவிட்ச் வையி."

பேட்டரி இருக்கும் அறையைத் திறக்க நான்கு திருகுகளைக் கழற்ற வேண்டும். "பிளக்கு எம் பையில இருக்குல்லா. பொறவு என்ன?" என்று விஜயபாண்டி வண்டியை எடுத்தான்.

கருத்தம்மாள் சந்தனம் குழைத்துக்கொண்டு வந்தாள். விமானத்தின் விலாவைப் பார்த்தாள்.

"என்னட்டி இங்கன ஓட்டையா இருக்கு?"

"அதுக்கு ஒரு செவப்பு மூடி உண்டும்மா."

"எடுத்து மாட்டு. மூளியா ஒண்ணையும் சாமி முன்னால வைக்கக் கூடாது."

அண்ணனின் சட்டை கொடியில் தொங்கியது. செல்வலட்சுமி பையில் கைவிட்டு பிளக்கை எடுத்துச் செருகினாள். பட்டென்று ஒரு பொறி. விமானம் பீப், பீப் என்று விடாமல் கத்தியது.

"எதுக்குக் கத்துது?"

"ரிமோட்டத் தேடுதும்மா. அதப் போட்டா நிறுத்திரும். அண்ணன் செய்யுறதப் பாத்திருக்கேன்."

ரிமோட் பலகையிலேயே இருந்தது. அதன் சுவிட்சைத் தள்ளினாள். நீளமாக ஒரு சத்தம் வந்தது. பிறகு அமைதி.

"பாத்தியா" என்றாள்.

விஜயபாண்டி தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். செம்பைக் கீழே வைத்தபோது பீப் சத்தம் காதில் விழுந்தது. அது நின்றதும் எழுந்துவிட்டான். நின்றால் விமானம் தயார் என்று அர்த்தம்.

கருத்தம்மாள் ரிமோட்டின் நெற்றியில் சந்தனம் வைத்தாள். வேகத்தைக் கூட்டும் இடது பக்கக் குச்சியின் தலையிலும் ஒரு பொட்டு வைக்க விரலைக் கொண்டுபோனாள். செல்வலட்சுமி குங்குமத் தட்டை இடது கையில் பிடித்தபடி, மற்ற விரல்கள் நீண்டிருக்க, வலது மோதிர விரலால் காற்றாடியின் நடுவைத் தொட்டாள்.

"செல்வி! தொடாத!" என்று கொல்லைப்பக்கமிருந்து விஜயபாண்டி கத்தினான்.

இருவரும் திடுக்கிட்டார்கள். கருத்தம்மாளின் விரலோடு குச்சி மேலே போனது.

விமானம் பலகையிலிருந்து பாய்ந்தது. படையலுக்கு வைத்திருந்த பொரி வீடு முழுவதும் பறந்தது. விஜயபாண்டி ஈரத்தோடு உள்ளே ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினான். காற்றாடி நின்றது.

செல்வலட்சுமி வலது கையை இடது கையால் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. "ஒண்ணுமில்லண்ணே" என்றாள்.

அவன் தரையில் குப்புறப் படுத்துப் பொரிக்குள் தேடினான். குங்குமம் கொட்டியிருந்ததால் எது எதுவென்று தெரியவில்லை. ஷூவுக்குப் பின்னால் கிடந்தது. அதைப் பாலித்தீன் பையில் போட்டு, எதிர்வீட்டில் ஐஸ் வாங்கினான்.

மருத்துவமனையில் டாக்டர் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். ஒட்டவைக்க முடியாது, நசுங்கிவிட்டது என்றார். ஆள்காட்டி விரல் நடுக்கணுவோடு போயிருந்தது.

நர்ஸ் பேனாவோடு வந்தாள். "என்ன மெஷின்? மில்லா, தறியா?"

"விமானம்" என்றான் விஜயபாண்டி.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"வெளாட்டு விமானம்."

மத்தியானம் இம்மானுவேல் பஸ் பிடித்து வந்தான். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தான். வாங்கிவந்த டீயை நீட்டினான். விஜயபாண்டி வாங்கவில்லை.

"சொல்லுலே. அப்பவே சொன்னேம்லான்னு சொல்லு."

"என்னத்தச் சொல்ல."

கருத்தம்மாள் சுவரோரம் தரையில் இருந்தாள். அவள் விரலில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

"நீ கத்தலைன்னா எங் கை அசைஞ்சிருக்காதுய்யா" என்றாள்.

"கத்தாம எப்படிம்மா இருப்பேன்?"

"அது தெரியுது. ஆனா கத்தலைன்னா அசைஞ்சிருக்காது."



"மெடிக்கலுக்குத் தேதி மாத்திக் கேப்போம்" என்றான் இம்மானுவேல். "ஆசுபத்திரிச் சீட்டு இருக்குல்லா. தருவாவ."

"தேதி மாத்துனா வெரல் மொளச்சிருமா?" என்றான் விஜயபாண்டி.

இம்மானுவேல் டீயைக் கீழே வைத்தான்.

சாயங்காலம் உள்ளே விட்டார்கள். செல்வலட்சுமி விழித்திருந்தாள். கட்டுப்போட்ட கை தலையணைமேல் இருந்தது. கட்டின் நுனியில் லேசாக ரத்தம் ஊறியிருந்தது. கருத்தம்மாள் மகளின் கால்மாட்டில் உட்கார்ந்து போர்வையை இழுத்துவிட்டாள். விஜயபாண்டி கட்டிலின் கம்பியைப் பிடித்தபடி நின்றான்.

"அம்மாவ ஒண்ணும் சொல்லலையே?" என்றாள் செல்வலட்சுமி அண்ணனிடம்.

"இல்ல."

"நாந் தான மாட்டுனேன். பைக்குள்ள கைவிட்டு எடுத்தது நானு."

"பேட்டரியக் கழத்தாதது நான்."

"சரி விடு."

ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரி போனது. முன்பக்கம் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். டிரைவர் சும்மாவே ஹாரன் அடித்துக்கொண்டு போனான்.

செல்வலட்சுமி இடது கையைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்தாள். ஆள்காட்டி விரலை மடக்கினாள், நீட்டினாள். மறுபடி மடக்கினாள்.

"ஏண்ணே, எடது கையால சுட்டா ஒத்துக்கிட மாட்டாவளா?"