இடப்பக்க மவுண்ட்

காரின் முன்சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே நாலு விரல் நுழைந்தது. அந்த இடைவெளி எல்தோஸைச் சாப்பிட விடவில்லை. வண்டி தரையோடு தாழ்ந்து நின்றால்தான் அவனுக்கு அழகு. போன மாதம் ஸ்பிரிங்கில் ஒரு சுற்று அறுத்துப் பார்த்தான். வண்டி இறங்கியது, ஆனால் குழிக்குக் குழி அடி வாங்கியது. வேறு ஸ்பிரிங் வாங்கி மாட்டிவிட்டு மவுண்டுக்கு வந்தான். ஸ்பிரிங்கைத் தாங்கும் தண்டான ஸ்ட்ரட்டின் தலையைப் பிடித்திருக்கும் அந்தத் தகட்டை அறுத்து, நடுக்கிண்ணத்தை ஓர் அங்குலம் உயர்த்திப் பற்றவைத்தால் ஸ்ட்ரட் மேலே ஏறும், வண்டி கீழே இறங்கும்.

அக்கா கணவர் பைலிக்குக் கோதமங்கலத்தில் வெல்டிங் பட்டறை. வலப்பக்க மவுண்டுக்கு ஒரு மணிநேரம் எடுத்துக்கொண்டார்.

"மத்தத சோறு தின்னுட்டு வந்து வைக்கிறேன். கை வச்சிராத அளியா."

எல்தோஸ் இரண்டு தடவை வாசலுக்குப் போய் வந்தான். பிறகு வெல்டிங் முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டான். பைலி திரும்பியபோது இரண்டு மவுண்டும் கறுப்புப் பெயின்டில் மினுங்கின.

"பெயின்டப் பூசிட்டா நான் என்னத்தப் பாக்குறது? அறுத்துட்டு மறுபடி வைப்போம்."

"நல்லாப் புடிச்சிருக்கு அளியா. நாளைக்குக் காலைல சிஜிய அடிமாலில விடணும்."

எல்தோஸின் மனைவி சிஜிக்கு அடிமாலிப் பள்ளியில் ஆசிரியை வேலை; மறுநாள் ஒன்பது மணிக்குச் சேர வேண்டும். அவள் பஸ்ஸில் போவதாகச் சொன்னதை அவன் காதில் வாங்கவில்லை.

காலையில் ஒவ்வொரு திருப்பத்திலும் இடப்பக்கம் 'டக்' என்றது. மூன்று தடவை நிறுத்தி பானெட்டைத் திறந்து பார்த்தான்.

"என்ன இச்சாயா அது?"

"புது ரப்பர். பழகிரும்."

"பைலிச்சேட்டன்தானே வெல்டு வச்சாரு?"

"ஆமா."

நேரியமங்கலம் பாலம் தாண்டி ஏறும்போது, மூன்றாவது வளைவில் வெல்டு விட்டது. ஸ்ட்ரட்டின் தலை பானெட்டை உள்ளிருந்து இடித்துப் புடைக்க வைத்தது. வண்டி இடப்பக்கமாகச் சாய்ந்து, டயர் தேய்ந்து புகைந்து நின்றது.

சிஜி இறங்கி அந்தப் புடைப்பையே பார்த்தாள்.

"இது நான் வச்ச வெல்டு," என்றான் எல்தோஸ்.

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு, வந்த பஸ்ஸை மறித்து ஏறிப் போய்விட்டாள்.

பைலிக்குப் போன் செய்தான். "ஒரு கேட் முடிக்கணும். சாயங்காலம் வரேன். அங்கேயே உக்காரு," என்றார்.

உட்கார முடியவில்லை. வளைவுக்கும் காருக்குமாக நடந்தான். ஏறி வருகிறவர்கள் எல்லாரும் வேகத்தைக் குறைத்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள்.

நாலு மணிக்கு பைலி ஜீப்பில் அறுக்காத மவுண்டுகளோடு வந்தார். மாட்டி முடித்தபோது வண்டி பழைய உயரத்துக்கே எழும்பி நின்றது. மேலிருந்து வந்த பஸ்ஸிலிருந்து சிஜி இறங்கினாள்.

"ஒம்பதே முக்காலுக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். ஹெட்மிஸ்ட்ரஸ் காரணம் கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"உள்ளதத்தான் சொன்னேன். அவங்க மகனும் இப்படித்தானாம்." பைலி பக்கம் திரும்பினாள். "சேட்டா, நான் உங்க ஜீப்ல வரேன்."

எல்தோஸ் தனியாகக் காரில் ஜீப்பின் பின்னால் மலை இறங்கினான். எந்தச் சத்தமும் இல்லை. ஆனாலும் பாலம் வருவதற்குள் இரண்டு தடவை நிறுத்தி பானெட்டைத் திறந்து பார்த்தான்.