ஓரத்தில் தடவாத வெண்ணெய்

என் ஓரகத்தியின் மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அவளுடைய பிறந்தநாளுக்காகக் காரில் போய்க்கொண்டிருந்தோம். என் கணவர் ஓட்டினார். பின் இருக்கையில் நானும் ஓரகத்தியும். அவள் மடியில் ஓர் அட்டைப்பெட்டி, அதற்குள் நான் செய்த கேக்.

அவளும் விடியற்காலையில் எழுந்து ஒன்று செய்திருந்தாள். வழக்கம்போல நடுவில் அமுங்கிவிட்டது. வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள். போன வருடம் அமுங்கியதையே எடுத்துப் போயிருக்கிறாள். அடுத்த தடவை பெரியம்மாவையே செய்யச் சொல்லு என்று மகள் சொல்லிவிட்டாளாம்.

"என் கேக்குல தண்ணி ஊத்தினா மீன் வளர்க்கலாம்க்கா," என்றாள். என் கணவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு சிரித்தார். அவள் பேச்சுக்கு வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சிரிப்பார்கள். சிரித்து ஓய்ந்ததும் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, தன் கை அப்படிப்பட்ட கை போலிருக்கிறது, மகளுக்கு ஒரு கேக் செய்து கொடுக்கக்கூட அதற்குக் கொடுத்துவைக்கவில்லை என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவள் கையில் ஒரு குற்றமும் இல்லை என்பது எனக்குத் தெரியும். மூன்று வருடங்களாகத் தெரியும்.

கேக் மாவை ஊற்றும் டப்பா முழுக்க, அடியிலும் ஓரத்திலும், நன்றாக வெண்ணெய் தடவ வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். அப்போது எனக்கும் அவ்வளவுதான் தெரியும். என்னுடையதும் சில நாள் எழும்பும், சில நாள் படுத்துவிடும். ஒருநாள் வெண்ணெய் குறைவாக இருந்ததால் அடியில் மட்டும் தடவினேன். கேக் டப்பாவின் விளிம்புவரை ஏறி நின்றது. அன்றே அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். கைபேசியை எடுக்கவும் எடுத்தேன். பிறகு கீழே வைத்துவிட்டேன்.

ஏன் என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். அவள் வேலைக்குப் போகிறாள், கார் ஓட்டுகிறாள், நாலு பேர் நடுவில் நின்று பேசுகிறாள். இந்தக் குடும்பத்தில் என் பேர் அடிபடுவது கேக்குக்காக மட்டும்தான். நான் பொய் சொல்லவில்லை, சொன்னதைத் திருத்தவில்லை, அவ்வளவுதானே என்று சமாதானம் செய்துகொள்வேன். அவளுடையது ஒவ்வொரு முறை அமுங்கும்போதும், "எல்லாம் கைப்பக்குவம்தான், போகப்போக வந்துடும்," என்று ஆறுதல் வேறு சொல்லியிருக்கிறேன்.

பாதி வழியில், சாலையோரம் ஒரு சின்ன சாப்பாட்டுக் கடையில் இறங்கினோம். ஆறு மேசைகள், பிளாஸ்டிக் விரிப்பு, லாரி ஓட்டுநர்கள் இரண்டு பேர். முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டதும் என் கணவர் டயருக்குக் காற்றடிக்கப் போனார். நாங்கள் டீயோடு ஆளுக்கொரு துண்டு கேக் கேட்டோம்.

வந்த துண்டு ஒரு சாண் உயரம். மேலே கிரீம் இல்லை, ஒன்றும் இல்லை. ஓரகத்தி அதைத் தட்டோடு தூக்கிக் கண்ணுக்கு நேரே வைத்துப் பார்த்தாள். இது எப்படி இவ்வளவு எழும்பியது என்று அவள் எப்படியும் கேட்பாள். கூச்சப்படுகிறவள் இல்லை.

சமையல்கார அம்மாள் ஏப்ரனில் கையைத் துடைத்தபடி வந்தார். தினமும் எட்டு கேக் போடுகிறாராம். இதில் ரகசியம் என்ன இருக்கிறது என்று சிரித்தார். "ஓரத்துல மட்டும் வெண்ணெய் தடவாதீங்கம்மா. கைப்பிடி இல்லாத வழுக்குப் படியில நாம ஏறுவமா? மாவும் அப்படித்தான், எதையாவது பிடிச்சுக்கிட்டுதான் ஏறும்." ஆறினதும் கத்தியை ஓரமாக ஒரு சுற்று விட்டால் தானே கழன்றுவிடும் என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

ஓரகத்தி என் பக்கம் திரும்பினாள். முகமெல்லாம் பிரகாசம். "அக்கா, கேட்டீங்களா? நாம ரெண்டு பேரும் இத்தனை நாளா தப்பாவே செஞ்சிருக்கோம்."

நாம ரெண்டு பேரும் என்றாள். ஆமாம் என்று தலையாட்டினால் போதும். இந்த மேசையோடு எல்லாம் முடிந்துவிடும், அவளுக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. என் தலை ஆட ஆரம்பித்தும்விட்டது. ஆனால் அவள் எனக்கும் சேர்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

"எனக்குத் தெரியும்," என்றேன்.

"என்னது?"

"ஓரத்துல தடவக் கூடாதுன்னு. மூணு வருஷமாத் தெரியும். உங்கிட்ட சொல்லல."

விளையாடுகிறேன் என்று முதலில் நினைத்திருப்பாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து தன் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தாள்.

"அப்போ என் கைல ஒண்ணும் இல்ல," என்றாள்.

அவள் திட்டியிருக்கலாம். திட்டுக்குத் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்படியென்றால் இத்தனை நாள் அந்தக் கைகளை அவள் எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. கோபம் பிறகு வந்தது. கழுத்து சிவந்தது, கேக் தட்டைத் தள்ளி வைத்தாள்.

பிறகு கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். மேசையில் கிடந்த சாப்பாட்டுப் பட்டியலைத் திருப்பிப் போட்டாள்.

"வேற என்னெல்லாம் சொல்லல? சொல்லுங்க."

சொன்னேன். முட்டை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சியோடு இருக்கக் கூடாது. மைதாவை மூன்று தடவை சலித்து, கரண்டியால் அடியிலிருந்து மெல்லப் புரட்ட வேண்டும், அடிக்கக் கூடாது. முதல் இருபத்தைந்து நிமிடம் ஓவன் கதவைத் திறக்கவே கூடாது.

"மணம் வந்ததும் திறந்து பாருன்னு சொன்னீங்களே."

"சொன்னேன். அப்போ தெரியாது. தெரிஞ்சப்புறம் சொல்லல."

அதையும் எழுதினாள்.

"ஆறுற வரைக்கும் டப்பாவைத் தலைகீழாக் கவிழ்த்து வைக்கணும்," என்றேன்.

வெளியே எங்கள் காரின் ஹாரன் சத்தம் கேட்டது. நான் எழுந்தேன்.

"அவரை இருக்கச் சொல்லுங்க," என்றாள், தலையை நிமிர்த்தாமல். "உக்காருங்க. அப்புறம்?"