திறக்க முடியாத மூடி

"நான்தான் திறந்தேன்னு சொல்றேன்ல, அப்புறமும் நீ—"

"நீ திறக்கல."

"திறந்தேன்க்கா! குறடு வச்சு நெம்பினேன். உள்ள இருந்தது தெறிச்சு டப்பா பூரா—"

"எந்த ட்யூப்? அதை மட்டும் காட்டு, நான் வாயை மூடிக்கறேன்."

"குப்பையில போட்டேன்."

"எந்தக் குப்பையில?"

"குப்பைன்னா குப்பை! அதுக்கு விலாசமா இருக்கு?"

மற்ற நாட்களில் இந்தச் சண்டை தலைகீழாக நடக்கும். ஏதாவது கோளாறென்றால் தம்பி, "உன் மருந்துக் கலவைதான் சரியில்ல" என்பான். அக்கா, "உன் டப்பா ஒழுங்கா சூடாகல" என்பாள். இன்று காலையிலிருந்து தம்பி தப்பைத் தன் மேல் இழுத்துப் போட்டுக்கொள்ள, அக்கா இல்லை என்று மறுத்துக்கொண்டிருந்தாள்.

டப்பா மேசையில் இருந்தது. மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு போகிற பாத்திரத்தின் அளவுதான். மூடியில் சின்னச் சின்ன ஜன்னல்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே சுண்டுவிரல் நுனி அளவு குழாய். சளியைச் சூடாக்கிக் கிருமியைக் கொன்று, ஒரு சொட்டு எடுத்து, அக்காவின் கலவையோடு குழாயில் விட்டு மூட வேண்டும். டப்பா அதை ஒரே சூட்டில் வைத்திருக்கும். காசநோய்க் கிருமியின் மரபுத் துணுக்கு ஒன்று இருந்தாலும் அது பல்கிப் பெருகி ஜன்னல் பச்சையாக ஒளிரும். இல்லாவிட்டால் இருட்டு. கரண்டே இல்லாத ஊரிலும் பேட்டரியில் ஓடும். அடுத்த வாரம் ஒரு சின்ன மருத்துவமனைக்கு முதல் டப்பா போக வேண்டும்.

போவதற்கு முன் கடைசிச் சோதனை ஓட்டம். நோயாளிகளின் சளி மருத்துவமனையிலிருந்து, கிருமி கொல்லப்பட்டே வரும். நோயில்லாத ஆளின் சளிக்கு எங்கே போவது? தம்பிதான் எப்போதும் காறித் துப்பிக் கொடுப்பான். "ஆரோக்கியம்னா என்னன்னு நம்ம டப்பாவுக்குக் கத்துக் கொடுத்ததே நான்தான்" என்று பெருமை வேறு. அவன் ஜன்னல் இதுவரை இருட்டாகவே இருந்தது.

இன்று காலை பச்சை.

"பிடிவாதம் பிடிக்காதக்கா. முடிஞ்ச ட்யூப்பைத் திறந்தா என்ன ஆகும்னு நீதானே சொல்லுவ? பெருகின துணுக்கு கோடிக்கணக்குல பறக்கும், மேசை, கை, காத்துன்னு எல்லாத்துலயும் ஒட்டும், அப்புறம் தொட்டதெல்லாம் பச்சையாகும்னு. அதான் ஆயிருக்கு."

அக்கா கழிவுப் பையை எடுத்து வெள்ளைத்தாள் ஒன்றில் கவிழ்த்தாள். இத்தனை நாள் ஓட்டிய குழாய்கள் உருண்டன. கையுறை போட்ட விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். எல்லாவற்றின் மூடியும் அப்படியே இருந்தது.

"இந்த மூடி யார் செஞ்சது?"

தம்பி அறை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஒரு தடவை அழுத்தினா 'டக்'குன்னு பூட்டிக்கும், அப்புறம் உடைஞ்சாதான் திறக்கும்னு நீதானடா செஞ்ச? 'எந்த அவசரக்குடுக்கை கையில போனாலும் திறக்க முடியாதுக்கா'ன்னு பல்லால கடிச்சுக் காட்டினியே. பல்லு வலிச்சதுதான் மிச்சம்."

"உடைச்சேன்."

"உடைஞ்ச மூடி எங்க?"

அவன் இருமினான். முழங்கை மடிப்பில் முகத்தைப் புதைத்து இருமினான். அடக்க அடக்க அது வந்துகொண்டே இருந்தது.

"ஒயர் ஒட்ட ஈயம் உருக்கற புகை" என்றான் மூச்சு வாங்க.

"நீ ஈயம் உருக்கி எத்தனை நாளாச்சு?"

அவன் சட்டையை இடுப்புக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான்.

"பெல்ட்ல புது ஓட்டை எதுக்கு? சூடு வச்சுப் போட்டிருக்கியே, அது எதுக்கு?"

"டயட்."

"ஆமா, ராத்திரி பானையை வழிச்சுத் திங்கற டயட்."

அவன் சிரித்தான். அவளும் சிரிக்கப் போனாள், முடியவில்லை. மாடியில் அவன் செய்து வைத்த தொட்டில் காத்துக்கொண்டிருந்தது. பிஞ்சுத் தோலில் கீறிவிடக் கூடாதென்று உப்புத்தாளால் அதன் விளிம்புகளைத் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தான். அவர்களுடைய தங்கை, சின்னவள், பிள்ளை பெற்று இன்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள். புருஷன் கப்பலில். அவளுக்கு இந்த வீட்டை விட்டால் வேறு இடமில்லை. மாடிக்கு வழி இந்த அறைக்குள்தான்.

"சரி, என் மேலதான் தப்பு" என்றாள் அக்கா. "கலவையில அழுக்கு விழுந்திருக்கும். நேத்து கையுறை மாத்தினேனான்னு ஞாபகம் இல்ல. வெறும் தண்ணியை ஓட்டிப் பார்த்துடுவோம்."

"தண்ணி பச்சையானா?"

"நாம நாசமாப் போனோம். எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு அறையைக் கழுவணும், டப்பா அடுத்த வாரம் போகாது. ஆனா நீ நல்லா இருக்கே."

"ஆகலைன்னா?"

"கையைக் கழுவிட்டு வா."

மேசையை நம்பாமல் மாடிச் சமையலறைக்குப் போய், புதுப் புட்டியைப் பிரித்துக் கலந்தாள். ஒரு ஜன்னலில் தண்ணீர். ஒன்றில் மருத்துவமனை அனுப்பிய நோயாளியின் சளி. நடுவில் தம்பியின் சளி, புதிதாக. மூடிகள் மூன்றும் 'டக்' என்று பூட்டிக்கொண்டன. அந்தச் சத்தம் அவர்களுக்குப் பிடித்த சத்தம்.

மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்கள். வியர்த்தது.

"சின்னவளுக்கு போன் பண்ணி மெதுவா வரச் சொல்லவா?" என்றான்.

"கைக்குழந்தையோட எங்க சுத்துவா? முதல்ல இது முடியட்டும். நீ நேத்து ஆஸ்பத்திரியில வாசல்ல நின்னுதானே குழந்தையைப் பார்த்துட்டு வந்தே?"

தம்பி டப்பாவின் ஓரத்தில் ஒட்டியிருந்த பசையை நகத்தால் சுரண்டினான்.

"டேய். இருமல் இருக்கு, வாசலோட நில்லுன்னுதானே அனுப்பினேன்?"

"சின்னவதான் கொடுத்தா. சாப்பிடணும், கொஞ்சம் பிடின்னா."

"எவ்வளவு நேரம்?"

"தூங்கிட்டான்க்கா. இறக்கினா முழிச்சுப்பான்னு தோள்லயே..."

"இருமினியா?"

"அடக்கிட்டுதான் இருந்தேன்." குரல் உள்ளே போயிற்று. "ஒரு தடவை. முகத்தைத் திருப்பிக்கிட்டேன். சத்தியமா திருப்பிக்கிட்டேன்."

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது, காலையிலிருந்து அவன் எதற்குச் செய்யாத தப்பைச் செய்தேன் செய்தேன் என்று அடித்துச் சொல்கிறான் என்று.

நோயாளியின் சளி இருந்த ஜன்னல் முதலில் ஒளிர்ந்தது. அது ஒளிர வேண்டியதுதான். பிறகு நடு ஜன்னலில் மங்கலாக ஏதோ தெரிந்தது. தம்பி உள்ளங்கையைக் குவித்து வெளிச்சத்தை மறைத்துக் குனிந்தான். பச்சை.

தண்ணீர் இருட்டாக இருந்தது.

"இன்னும் நேரம் இருக்கு" என்றாள் அக்கா.

"அந்த ஓரம் சரியா சூடாகலையோ?"

"ஆகியிருக்கும். நீ செஞ்சது."

"லைட்டு போயிருக்கும்."

"போகல. பாரு, எரியுது."

எத்தனை முறை இதே தண்ணீர் ஜன்னல் இருட்டாக இருக்க வேண்டுமென்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்! சின்னதாக ஒளிர்ந்தாலும் அவள் சோறு இறங்காமல் தவிப்பாள். இப்போது இரண்டு தலையும் முட்டிக்கொள்ள அதையே பார்த்தார்கள்.

"பச்சையாகேன், சனியனே" என்று டப்பாவின் பக்கவாட்டில் தட்டினாள் அக்கா. "ஒரு தடவை தப்பாக் காட்டேன். என்ன கெட்டுப் போச்சு?"

டப்பா ஓட்டத்தை முடித்து 'பீப்' என்றது. தண்ணீர் இருட்டாகவே இருந்தது. குறை சொல்ல எதுவும் இல்லாத ஓட்டம்.

"நல்லா செஞ்சிருக்கோம்க்கா" என்றான் தம்பி. உதடு கோணியது.

"கேளு. ஆஸ்பத்திரியில இன்னொரு தடவை பார்ப்பாங்க. மாத்திரை கொடுப்பாங்க, ஒழுங்கா முழுங்கினா சரியாப் போற வியாதி. நீ மேல வராதே. குழந்தைக்கு இன்னைக்கே டாக்டரைப் பார்த்துச் சொல்லிடணும், அதுக்கும் மருந்து இருக்கு—"

"சின்னவகிட்ட யார் சொல்றது?"

"நான்."

"வேண்டாம், நானே—"

வெளியே கார்க் கதவு அடைபட்டது. செருப்புச் சத்தம் வாசலுக்கு வந்தது. தம்பி எழுந்து நாற்காலி இடிக்கப் பின்னால் நடந்து, எதிர்ச் சுவரில் முதுகு ஒட்ட நின்று, சட்டைக் காலரை மூக்குக்கு மேல் இழுத்துக்கொண்டான். அக்கா தாழ்ப்பாளில் கை வைத்தாள். இழுக்கவில்லை.

"அண்ணா! உள்ளதானே இருக்கே? நேத்து உன் தோள்ல தூங்கினவன், அதுக்கப்புறம் யார்கிட்டயும் கண்ணே மூடலண்ணா. கை கழண்டு போகுது, சீக்கிரம் வந்து வாங்கிக்கோ."