பிரேக் மட்டும் முடிந்த கார்

"உலகத்துலயே பெரிய மடையனுக்குப் பெட்டி அடிக்கிறோம். சரித்திரத்துல நிக்கிற வேல. ஆணிய நல்லா எறக்குங்க" என்றான் கணேசமூர்த்தி.

தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் சுத்தியல் ஒரு கணம் நின்றது. யாரும் சிரிக்கவில்லை. சொன்னவனும் சிரிக்கவில்லை. உள்ளே அவனுடைய அண்ணன் ஆண்டியப்பன், பதில் சொல்ல முடியாதபடி தாடையைச் சேர்த்துக் கட்டிப் படுக்க வைக்கப்பட்டிருந்தான்.

ஆண்டியப்பன் தேயிலைத் தொழிற்சாலையின் மெக்கானிக். தோட்டத்துத் துரை நுவரெலியாக் கார்ப் பந்தயத்தில் ஓட்டும் சிவப்புக் காரைக் கழற்றிப் பூட்டுவதும் அவன்தான். கழற்றிக் கழற்றியே அது மனப்பாடமாகி, அச்சாக அதே மாதிரி ஒன்றைத் தானே செய்வதென்று கல்யாணமான வருடம் முடிவெடுத்தான். திட்டமும் போட்டான். தேத்தண்ணிக்குச் சீனி நிறுத்திய காசில் ஸ்டியரிங். வெற்றிலையை விட்டதில் டயர்கள். தீபாவளி வேட்டி எடுக்காததில் ஒரு பழைய ஒஸ்டின் காரின் அடிச்சட்டம். உடம்புக்கு, உடைந்த தேயிலைப் பெட்டிப் பலகை. இந்த வருடம் பிரேக், அடுத்த வருடம் எஞ்சின், சிவப்புப் பெயின்ட் எல்லாவற்றுக்கும் கடைசி.

ஹட்டனில் மொத்தக் கடையொன்றில் கணக்கெழுதும் கணேசமூர்த்திக்கு இதைக் கேட்டால் உடம்பெல்லாம் எரியும்.

"எஞ்சின் இல்லாத வண்டிக்கு எதுக்குண்ணே பிரேக்கு? ஓடிப் போயிருமின்னு பயமா?"

"மொதல்ல நிக்கட்டும்டா. ஓடுறதப் பொறகு பாப்போம்."

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆண்டியப்பன் அந்தக் கூட்டுக்குள் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டு, எஞ்சினுக்குப் பதிலாக வாயாலேயே சத்தம் போடுவான். ட்ர்ர்ர். அதைக் கடையில் நடித்துக் காட்டுவது கணேசமூர்த்தியின் திங்கட்கிழமை வேலை. நன்றாகவே செய்வான். முதலாளிகூடச் சிரிப்பார்.

முந்தாநாள் ஆண்டியப்பனுக்கு வயிற்று வலி. தோட்டத்து மருந்துக்காரர் எல்லா நோய்க்கும் கொடுக்கும் வெள்ளைத் தண்ணியையே இதற்கும் கொடுத்தார். டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோட்டத்து லொறி இல்லை. அது துரையின் உபரி டயர்களை ஏற்றிக்கொண்டு பந்தயத்துக்குப் போயிருந்தது. அன்று காலை, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, துரையின் காரைச் சரிபார்த்து அனுப்பியவன் ஆண்டியப்பன்.

கந்தப்பன் கங்காணி தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். அவருக்கு ஒரு கால் இழுக்கும்.

"தம்பி, கொழுந்து முத்திக் கெடக்கு. சாவுக்கு மூணு ஆளுக்கு மேல விட மாட்டேன்னு ஆளு பிரிக்கிற கண்டாக்கையா சொல்லிட்டாரு. ரெண்டு பேரு குழி வெட்டுறாங்க. மிச்சம் நம்ம சின்னத்தம்பி."

"சரி. சின்னத்தம்பி ஒரு மூல, நான் ஒரு மூல. நொண்டிக் காலோட நீங்க ஒரு மூல. நாலாவது மூலைய யாரு தூக்குறது, துரையா?"

"கோவப்படாதப்பா. வேல விட்டு ஆளுங்க வர்ற வரைக்கும் வச்சிருக்கவும் ஏலாது. பொழுதானா ஆத்துல தண்ணி ஏறிப் பாலம் முங்கிரும். அந்தாண்ட மயானத்துக்குப் போக முடியாது."

"உயிரோட போகவும் லொறி இல்ல. செத்துப் போகவும் ஆளு இல்ல. பந்தயத்துல மட்டும் துரை ஜெயிக்கணும்!"



அண்ணி நாகலெட்சுமி வாசலுக்கு வந்தாள்.

"வண்டியில வைங்க."

"அண்ணி, ஊரு சிரிக்கும்."

"ஊரு எங்க தம்பி சிரிச்சிச்சு? நீங்கதான சிரிச்சீங்க."

கணேசமூர்த்தி லயத்துக்குப் பின்னால் போய், அண்ணனின் வண்டியை மூடியிருந்த சாக்கை இழுத்தெறிந்தான். வர்ணம் பூசாத பலகையில் தேயிலை ரகத்தின் எழுத்துகள் தலைகீழாகத் தெரிந்தன. மற்றபடி துரையின் காரேதான். அதே நீண்ட மூக்கு, அதே வளைவு. பெட்டியை இடப்பக்கம் ஏற்றினார்கள். எஞ்சினுக்கென்று விட்டிருந்த வெற்றிடத்தில் அண்ணனின் கால்மாடு அளவெடுத்தது போல் பொருந்தியது.

ஸ்டியரிங்கைப் பிடிக்க யாராவது உட்கார வேண்டும். கங்காணியும் சின்னத்தம்பியும் அவனைப் பார்த்தார்கள். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு அவன் ஏறினான்.

பெண்கள் லயத்துக் கோடியோடு நின்றுவிட்டார்கள். நாகலெட்சுமி பலகையில் வைத்திருந்த கையை எடுத்தாள். சின்னத்தம்பி தள்ளினான். கங்காணி வண்டியின் பின்னால் கட்டிய கயிற்றைப் பிடித்து நொண்டி வந்தார். இறக்கத்தில் வண்டி தானாகவே உருண்டது.

பாலத்துக்கு முந்தைய வளைவில் ஹார்ன் சத்தம். துரையின் சிவப்புக் கார், மூக்கில் மாலையோடு, ஏறி வந்துகொண்டிருந்தது. கங்காணியின் கயிறு கைநழுவியது. கணேசமூர்த்தி காலை ஊன்றி மிதித்தான். வண்டி கிறீச்சிட்டு, ஒரு முழம் இடைவெளியில் நின்றது.

துரை மறுபடி ஹார்ன் அடித்தார்.

"தம்பி, ஓரங் கட்டுப்பா" என்றார் கங்காணி.

"முடியாது."

துரை எட்டிப் பார்த்தார். தன் காரின் மூக்கைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். ஹார்ன் மூன்றாவது தடவை ஒலிக்கவில்லை. சிவப்புக் கார் பாலத்தடி வரைக்கும் பின்னாலேயே போய், தேயிலைச் செடிகளுக்குள் ஒதுங்கி நின்றது.

கணேசமூர்த்தி அந்தப் பக்கம் திரும்பவில்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்தான். வண்டி துரையைத் தாண்டி, பாலத்தைத் தாண்டி, ஆற்றோரப் பாதையில் இறங்கியது.

பின்னால் வந்த சின்னத்தம்பி கங்காணியின் கையைத் தொட்டான்.

"ஏதோ சத்தம் கேக்குதுங்களே?"

கங்காணி காது கொடுத்தார். ஆறு இரைந்துகொண்டிருந்தது. அதற்கும் அடியில், ஸ்டியரிங் பக்கமிருந்து, மெதுவாக, விட்டு விட்டு, வளைவுகளில் கொஞ்சம் கூடி:

ட்ர்ர்ர்.

"பேசாம வாடா" என்றார் கங்காணி.