இரண்டாவது முகடு

ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிக்கு வழிவிட ஒதுங்கியதில் ஸ்கூட்டி சறுக்கி, சரிதாவின் கணுக்கால் முறிந்தது. மலைக்குக் கிளம்ப ஒரு வாரம்தான் இருந்தது.

ஜவ்வாது மலையில் பெயரில்லாத ஓர் உச்சி அது. பாதை கிடையாது. பீர்க்கன்கரணை வீட்டில், அடிக்கடி அறுந்துபோகும் பிராட்பேண்டோடு மல்லுக்கட்டி, கூகுள் எர்த்தில் மலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அவளே வழி கண்டுபிடித்திருந்தாள். ஓடையைப் பிடித்துப் போனால் சுலபம் போலத் தெரியும். முடிவில் செங்குத்துப் பாறை. ஆகவே இடப்பக்கச் சரிவில் ஏறி முதல் முகடு, பிறகு ஒரு பள்ளம், அங்கே குளத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டு இரண்டாவது முகடு, அதற்கும் பின்னால் ஒளிந்திருக்கும் மூன்றாவது. அதுதான் உச்சி. வனத்துறை அலுவலகத்துக்கு அலைந்து அனுமதி வாங்கியவளும் அவள்தான்.

கடைசியில், உடன் வேலைபார்க்கும் குணாவும் சந்திரிகாவும் அவள் போட்ட வழியில் கிளம்பினார்கள். சரிதா மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தாள். மலையில் சிக்னல் இருக்காது என்று தெரிந்தும் குணாவின் நம்பரை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

"வந்துடுவாங்க, விடேன்" என்றான் கணவன் குமரேசன், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"நீங்க சும்மா இருங்க."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இருவரும் நேராக அவள் வீட்டுக்கே வந்தார்கள். கையெல்லாம் முள் கீறல். "உச்சியைத் தொட்டாச்சு!" என்று சந்திரிகா கேமராவை நீட்டினாள். பாறைமேல் இருவரும் கைதூக்கி நிற்கிற படம். சரிதா அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அவர்கள் தோளுக்குப் பின்னால் இன்னொரு மலை, இன்னும் உயரமாக நின்றது.

"இது ரெண்டாவது முகடு" என்றாள். "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! திரும்பிப் பார்த்திருந்தாலே தெரிஞ்சிருக்குமே. கண்ணை எங்க வச்சிருந்தீங்க?"

"நீ கட்டில்ல படுத்துக்கிட்டு ஈஸியா பேசற" என்றாள் சந்திரிகா. "ஏறிப் பார்த்தாதான் தெரியும்."

"நான் ஏறியிருந்தா அங்க நின்னிருக்க மாட்டேன்!"

குணா தலையைக் குனிந்துகொண்டான். "பார்த்தோம் சரிதா. அது உச்சி இல்லன்னு தெரியும்."

"குணா, வேணாம்" என்றாள் சந்திரிகா.

"இரு, சொல்லிடறேன். குளத்துல தண்ணி இல்ல. சேறுகூட இல்ல, வெடிச்சுக் கிடந்துச்சு. கையில இருந்த தண்ணியோட ரெண்டாவது முகடு வரைக்கும்தான் முடிஞ்சுது. மூணாவது எதிர்லயே நிக்குது. போயிருந்தா திரும்பி வந்திருக்க மாட்டோம். நீ கால் உடைஞ்சு கிடக்கற, இதையும் சொல்லணுமான்னு ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டோம்."

சரிதாவுக்குச் சட்டென்று உறைத்தது. கூகுள் எர்த் படத்தில் குளம் நீலமாகத் தளும்பிக்கொண்டிருந்தது. அது எந்த மாதம் எடுத்த படம் என்று அவள் யோசிக்கவே இல்லை. இவ்வளவு பார்த்தவள் அதைப் பார்க்கவில்லை. தண்ணீரில்லாத மலையில் இரண்டு பேரை ஏற்றிவிட்டு, இங்கே படுத்துக்கொண்டு அவர்களைத் திட்டியிருக்கிறாள்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். வந்தது வேறு. "அதுக்காகப் பொய் சொல்வீங்களா? நான் என்ன சின்னக் குழந்தையா?"

"குழந்தைன்னா பரவாயில்லையே" என்று சந்திரிகா பையைத் தோளில் மாட்டினாள். "நான் கிளம்பறேன். ரெண்டு நாளா சரியாத் தூங்கல."

அவள் போய்விட்டாள். குணாவும் எழுந்தான். கூடுவாஞ்சேரிக்கு ரயில் பிடிக்க வேண்டும் என்றான்.

"உக்காரு" என்றாள் சரிதா. "பள்ளத்துக்கு இறங்கற இடத்துல பாறையா, மண்ணா?"

"இப்பவே சொல்லணுமா?"

"இப்பவேதான்."

குணா பெருமூச்சு விட்டு உட்கார்ந்தான். பாறை என்றான். முள்ளைப் பற்றியும் சொன்னான். அவள் ஒவ்வொன்றுக்கும் எரிந்து விழுந்து, மறுபடி கேட்டாள்.

மாவுக்கட்டைப் பிரித்தபோது கோடை உச்சத்தில் இருந்தது. மழை விழுந்து குளம் நிறையும் வரை யாரும் அங்கே போக முடியாது. சந்திரிகா இன்னும் சரியாகப் பேசவில்லை. வேலை முடிந்து தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கும்போதெல்லாம் சரிதா வானத்தைப் பார்த்தாள். ஒரு மேகம் இல்லை. "சனியன்" என்று முணுமுணுத்துக்கொண்டே, காலைச் சற்று இழுத்தபடி படியேறினாள்.