டெர்மின் இல்லைப் பாட்டுக்கு விழுந்த அறுகரிசி

"தாலி இன்னும் தட்டத்தில கிடக்கு. அதுக்குள்ள ஆரப்பா அரிசியை எறிஞ்சது?"

"நீங்களும்தான் எறிஞ்சனீங்கள் அண்ணை. கையைப் பாருங்கோ, மஞ்சளா இருக்கு."

பரராசசிங்கம் கையைப் பார்த்தார். பிறகு அதைப் பட்டு வேட்டியில் துடைத்தார். மஞ்சள் வேட்டிக்கும் போய்ச் சேர்ந்தது. அவர்தான் பெண்ணின் தகப்பன். எதிரில் நின்று பதில் சொன்னது பாட்டுப் போட வந்த மிதுஷன்.

"நீ அந்தப் பாட்டைப் போட்டபடியாத்தானே எறிஞ்சனான்."

"நான் ஸ்பீக்கர் வேலை செய்யுதோ எண்டு பாத்தனான். பின்னேர வரவேற்புக்கு உங்கட மகள்தான் அந்தப் பாட்டுக் கேட்டவ."

"என்ர மகள் கேக்கமாட்டாள்."

"வாட்ஸப்பில இருக்கு, காட்டட்டோ?"

பரராசசிங்கம் காட்டச் சொல்லவில்லை. தன் குரலை மட்டும் உயர்த்தினார்.

நடந்தது இதுதான். ஜெர்மனியில், எசன் நகரத்து அல்ட்டனெசனில், முன்பு கம்பளம் விற்ற கடையாக இருந்து இப்போது மண்டபமான இடத்தில், தேனுஜாவின் கலியாணம். தேனுஜா கூறைச் சேலை மாற்ற உள்ளே போயிருந்தாள். மாப்பிள்ளை கௌஷிக், வால்டோர்ஃபில் மென்பொருள் வேலை, கோயம்புத்தூர்ப் பிள்ளை. அவனை அவன் பக்கத்து ஆட்கள் வெளியே செரி மரத்தடிக்குப் படம் எடுக்கக் கூட்டிப் போய்விட்டார்கள். மேளக்காரர் தேத்தண்ணிக்குப் போயிருந்தார்கள். மணவறை வெறுமையாகக் கிடந்தது.

அந்த நேரத்தில் ஒரு பூச்சரம் கழன்று தொங்கியது. மணவறை சோடித்த கமலாம்பிகை மேலே ஏறினாள். இவள் பரராசசிங்கத்தின் தங்கச்சி, கட்டாமலே நாற்பத்தேழு வயதானவள். ஏன் கட்டவில்லை என்று எசனில் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறோம். என்னிடம் மூன்று இருக்கிறது.

வீடியோக்கார விமலநாதனுக்கு வெளிச்சம் சரிபார்க்க வேண்டும். "ஆரும் ஒருக்கா இருந்தா நல்லது" என்றார், கூரையைப் பார்த்து. ஏனென்றால் அவருக்கும் கமலாம்பிகைக்கும் இருபத்தேழு வருசமாய்ப் பேச்சு இல்லை. ஒரே கலியாணங்களில் இவள் சோடிப்பாள், அவர் படம் பிடிப்பார். நடுவில் சொல்லவேண்டியதை யாராவது ஒரு பிள்ளை காவிக்கொண்டுபோய்ச் சொல்லும். அன்றைக்குக் காவ ஒருவரும் இல்லை. அவளும் விளக்கிடம் சொல்லுவதுபோல "சரி, கெதியாப் பாருங்கோ" என்று பெண்ணின் இடத்தில் இருந்தாள். விமலநாதன் கமராத் திரையைத் திருப்பி வைத்துவிட்டு, இரண்டு முகத்திலும் வெளிச்சம் விழுகிறதா என்று பார்க்க மாப்பிள்ளையின் இடத்தில் தானே போய் இருந்தார்.

அப்போதுதான் மிதுஷன் அழுத்தினான். அந்தப் பாட்டு கெட்டிமேளத்தில் தொடங்கும்.

கெட்டிமேளம் கேட்டால் எங்கட சனத்துக்குக் கண் தேவையில்லை. கதைத்துக்கொண்டிருந்த முந்நூறு பேரும் கதையை நிறுத்தாமல் எழும்பி, கையில் வைத்திருந்த அறுகரிசியை மணவறைப் பக்கம் வீசினோம். மூத்த ஆட்கள் சிலர் கண்ணை மூடி ஆசீர்வாதமும் பண்ணிவிட்டார்கள். மேளம் நின்று, ட்ரம் "டும் டக்" என்று விழுந்து, ஒரு பெண்குரல் "டெர்மின் இல்லை" என்று தொடங்கியபோதுதான் நாங்கள் நிமிர்ந்து பார்த்தோம். தலையெல்லாம் அரிசியோடு கமலாம்பிகையும் விமலநாதனும் இருந்தார்கள்.

அந்தப் பாட்டைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தொண்ணூற்றேழில் எசனில் பதிந்த ராப் பாட்டு. ஒரேயொரு பாட்டு, ஒரேயொரு கசெட். வெளிநாட்டவர் அலுவலகத்தில் விடியவிடிய நின்று, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறவர் "டெர்மின் இல்லை, பிறகு வாங்கோ" என்று திருப்பி அனுப்புவதுதான் பாட்டு. டெர்மின் என்றால் ஜெர்மனில் முன்கூட்டிக் குறித்துத் தருகிற சந்திப்பு நேரம்.

*கியூவில நிண்டு கால் நோகுது, சிரிக்கவும் டெர்மின் இல்லை.*
*கடிதம் வந்தா நெஞ்சு நோகுது, அழவும் டெர்மின் இல்லை.*

கார் காராய்ப் பிரதியெடுத்து அது சூரிச்சுக்குப் போனது, பாரிசுக்குப் போனது, கனடாவுக்கும் போனது. இங்கே ஒரு ஜெர்மன் வானொலியில் கூடப் போட்டார்கள். எங்கள் மாடியில் இருந்த பீலிக்ஸ் என்ற ஜெர்மன் பெடியன் அர்த்தம் தெரியாமல் முழுப்பாட்டும் படிப்பான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு வரமாட்டோம் என்று அழுத பிள்ளைகள் அந்தப் பாட்டுக்காகத் தமிழ் படித்தார்கள். கலியாணம் பேசப் போனால் பெட்டைகள் அறைக்குள் இருந்தே "டெர்மின் இல்லை" என்பார்கள். இப்போது எசனைச் சுற்றின ரூர் பக்கத்தில் ராப் பாடுகிற தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் அதில் ஒரு துண்டையாவது வெட்டி ஒட்டாமல் விடுவதில்லை.

கசெட்டில் இருந்த பெயர் ஒன்றுதான்: விமல். பெண்குரலுக்குப் பெயர் இல்லை. ஆனால் எங்களுக்குத் தெரியும். விமலநாதனுக்கு அப்போது பால் வாங்கப் போய் மோர் வாங்கி வருகிற அளவு ஜெர்மன்தான். அந்த அலுவலகத்துக்கு எங்கள் ஒவ்வொருவரோடும் மொழிபெயர்க்க வந்து, வரிசையில் நின்று, எங்கள் கோபத்தையெல்லாம் மரியாதையான ஜெர்மனாக மாற்றிச் சொன்னவள் இருபது வயதுக் கமலாம்பிகை. சொல்லும் அவளுடையது, குரலும் அவளுடையது. ஊர் முழுக்கத் தெரிந்த விசயம் என்பதால் அதை ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அவளுக்கு அது போதவில்லை. கலியாணத்துக்கு முந்தின மாதம் நகரத்து நாடக அரங்கு ஒன்று, தொண்ணூறுகளின் ராப் பாட்டுகளுக்கென்று ஒரு மாலை நிகழ்ச்சி அறிவித்தது. ட்ராம் தரிப்பிடக் கண்ணாடிகளில் ஒட்டியிருந்த அறிவித்தலில், "டெர்மின் இல்லை" என்பதற்குப் பக்கத்தில் மறுபடியும் விமல் மட்டும்தான். ஒருநாள் காலையில் கமலாம்பிகை பையில் இருந்து பேனை எடுத்து, அந்தக் கண்ணாடியில் தன் பெயரை எழுதியதைக் கண்டேன். நான் எதிர்ப்பக்கத் தரிப்பில் நின்றேன். எனக்கு ட்ராம் பிடிக்கவேண்டிய தேவை இல்லை, அது வேறு கதை. பின்னேரம் மழை பெய்து பெயரைக் கழுவிவிட்டது.

சரி, மண்டபத்துக்கு வருவோம். கௌஷிக்கின் தாய் பாமா செரி மரத்தடியில் இருந்து ஓடி வந்தார்.

"சம்பந்தி, என்னங்க இது? முகூர்த்தம் முடிஞ்சிருச்சா? என் பையன் வெளிய நிக்கறான்."

"முடியேல்லை, முடியேல்லை. ஒரு சின்னப் பிழை."

"அப்ப அங்க உக்காந்திருக்கறவங்க யாரு?"

"அது வந்து, டெக்னிக்கல்" என்றார் பரராசசிங்கம்.

ஐயர் இன்னும் கால் மணித்தியாலம் நேரம் இருக்கிறது என்றார். கீழே விழுந்த அரிசியைத் திருப்பிப் பாவிக்க ஏலாது என்றும் சொன்னார். குசினியில் இருந்து பச்சையரிசியும் மஞ்சளும் கொண்டுவர ஆள் ஓடியது. அந்தக் கால் மணித்தியாலத்தில் எங்களுக்கு வேறு வேலை இல்லை. எல்லோரும் மணவறைக்குக் கிட்டப் போனோம்.

விமலநாதன் தலையில் இருந்த அரிசியைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"உம்மட சிரிப்பைக் கொஞ்சம் நிப்பாட்டும்" என்றாள் கமலாம்பிகை.

இருபத்தேழு வருசத்துக்குப் பிறகு அவள் அவருக்குச் சொன்ன முதல் வசனம். அவர் உடனே நிப்பாட்டினார்.

பரராசசிங்கத்துக்கு மிதுஷனை ஏசிக் களைத்துப்போயிருந்தது. இப்போது விமலநாதனிடம் திரும்பினார். "எல்லாம் உம்மாலதான். என்ர கலியாண வீடியோவில இருந்த கெட்டிமேளத்தை வெட்டி அந்தப் பாட்டில ஒட்டினது ஆர்? இப்ப என்ர மகளின்ர கலியாணத்தையும் வெட்டுறீர்."

"ஓம் அண்ணை, எடுத்தது நான்தான். உங்களிட்டக் கேட்டுத்தான் எடுத்தனான்."

"கேட்டனீர். அப்ப நானும் உம்மட்ட ஒண்டு கேட்டனான், ஞாபகம் இருக்கோ? தங்கச்சியின்ர பேர் அந்தக் கசெட்டில ஒரு இடத்திலயும் வரக்கூடாது எண்டு. நாளைக்கு அவளை ஒருத்தரும் கட்டமாட்டாங்கள் எண்டு. அதோட இந்தப் பாட்டை விட்டிருக்கலாம் நீர்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னார் என்று அவருக்கே விளங்கியது. பாமா தவிர எங்கள் எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

கமலாம்பிகை பெண்ணின் இருக்கையை விட்டு எழும்பவில்லை. விமலநாதனைப் பார்த்தாள். "நீர் என்ர பேரைக் களவெடுத்தீர் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்."

"அண்ணை கேட்டவர். உம்மட நன்மைக்கு எண்டவர். சொல்லமாட்டன் எண்டு சொல்லிப்போட்டன்."

"அண்ணை உம்மட்டக் கேட்டார். நீர் அண்ணைக்குச் சொன்னீர். ரெண்டுபேரில ஒராளாவது என்னைக் கேட்டனீங்களோ?"



"சரி, இப்ப நான் மைக்கில சொல்லிவிடுறன்" என்று விமலநாதன் எழும்பினார்.

"நீர் இரும். திரும்பவும் எனக்காகக் கதைக்க வெளிக்கிடாதையும்."

அவள் மணவறையால் இறங்கி, மிதுஷனிடம் கையை நீட்டினாள். அவன் பரராசசிங்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டு ஒலிவாங்கியைக் கொடுத்தான். சேலைத் தலைப்பில் இருந்து இன்னும் அரிசி உதிர்ந்துகொண்டிருந்தது.

"வணக்கம். நான் கமலாம்பிகை. 'டெர்மின் இல்லை' நான் எழுதினது, நான் பாடினது. விமலநாதன் மியூசிக் செய்தவர், நல்லாச் செய்தவர். இதை நீங்கள் எல்லாரும் இவ்வளவு காலமும் தெரியாத மாதிரி இருந்ததுக்கு நன்றி. இனி அப்பிடி இருக்கத் தேவையில்லை. இப்ப வந்து இருங்கோ, பிள்ளையின்ர தாலி கட்டவேணும்."

பின்வரிசையில் இருந்த பெட்டைகள் விசில் அடித்தார்கள். பெற்றோர் திரும்பிப் பார்த்தும் நிறுத்தவில்லை. கூறை பாதி கட்டியபடி அறை வாசலில் வந்து நின்ற தேனுஜா, "மாமி, பின்னேரம் நீங்களே பாடுங்கோ. இல்லாட்டி நான் வெளிய வரமாட்டன்" என்றாள்.

கௌஷிக்கும் கிட்ட வந்தான். "ஆன்ட்டி, அந்த வாய்ஸ் நீங்களா? நான் ஜிம்ல டெய்லி கேக்கறேன். தேனுகிட்ட ப்ரபோஸ் பண்ணப்ப அவ அந்த லைன்தான் ரிப்ளை பண்ணா. மூணு மாசம் வெயிட் பண்ண வெச்சா."

"எந்த லைன்?" என்று பாமா கேட்டார். யாரும் அவருக்கு மொழிபெயர்க்கவில்லை.

பிறகு புது அரிசி வந்தது, மேளக்காரர் வந்தார்கள், தாலி ஏறியது. பரராசசிங்கம் கடைசிவரை தங்கச்சிக்குப் பக்கத்தில் போகவில்லை. சாப்பாட்டு நேரத்தில் ஒரு தட்டில் அவளுக்குப் பிடித்த வாழைக்காய்ப் பொரியலை மட்டும் குவித்துக் கொண்டுபோய் வைத்தார்.

"பிழை விட்டிட்டன் பிள்ளை."

"ஓம்" என்றாள். தட்டை எடுத்துக்கொண்டாள். அதற்கு மேல் கேட்கிற தூரத்தில் எனக்கு இடம் கிடைக்கவில்லை.

பின்னேரம் பாடினாள். மூக்குக்கண்ணாடி, காஞ்சிபுரம் சேலை, முழங்கால் நோவு. முதல் வரியில் மூச்சு வாங்கியது, இரண்டாவதில் பிடித்துவிட்டாள். மூன்றாவதில் மண்டபத்தில் இருந்த சின்னஞ்சிறுசுகள் எல்லாம் சேர்ந்துவிட்டன. அவர்களில் பாதிப்பேர் அந்த அலுவலகத்தின் வாசலைக் கூடக் கண்டதில்லை, ஜெர்மன் கடவுச்சீட்டோடு பிறந்ததுகள். ஆனாலும் ஒரு சொல் பிசகாமல் பாடினார்கள். பரராசசிங்கத்தின் வாயைக் கவனித்தேன். அவருக்கும் முழுதாய் மனப்பாடம்.

அடுத்த கிழமை விமலநாதனும் அவளும் சேர்ந்து நாடக அரங்குக்குப் போனார்கள். புது அறிவித்தலில் இரண்டு பெயர், அவளுடையது முதலில். நிகழ்ச்சியன்று அரைவாசிச் சனம் எங்கட சனம், அரைவாசி ஜெர்மன்காரர். எனக்குப் பின்னால் இருந்த ஒரு ஜெர்மன் கிழவர், தானும் அதே அலுவலகத்தில்தான் முப்பது வருசம் வேலை செய்ததாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்தார். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் அவர்தானோ என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

தேனுஜாவும் கௌஷிக்கும் வால்டோர்ஃபுக்குப் போய்விட்டார்கள். மிதுஷன் அன்று விசில் அடித்த பெட்டைகளில் ஒருத்தியான கம்சனாவைக் கட்டப்போகிறான், ஆவணியில். விமலநாதனும் கமலாம்பிகையும் கட்டுவார்கள் என்று நாங்கள் பாதி எசன் சேர்ந்து முடிவு பண்ணி வைத்திருந்தோம். அவர் போன தைமாதம் அந்த நாடக அரங்கில் ஒலி பார்க்கிற மக்டலீனைக் கட்டினார். கமலாம்பிகைதான் மணவறை சோடித்தவள், காசும் வாங்கவில்லை. அவள் முகத்தை இரண்டு மணித்தியாலம் கவனித்தும் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

இப்போது அவள் எசனிலும் இல்லை. பான் நகரத்தில் ஒரு இளைஞர் நிலையத்தில் பாட்டு எழுதப் பழக்குகிறாள். றைன் ஆற்றுப் பக்கம் இரண்டு அறை வீடு எடுத்திருக்கிறாள். இங்கிருந்து நாலைந்து பெட்டைகள் சனிக்கிழமைகளில் ரயிலேறிப் போகிறார்கள். வாசல் மணியில் முழுப்பெயரும் போட்டிருக்கிறதாம். யன்னல் திரை இன்னும் போடவில்லை என்றும் சொல்கிறார்கள். அதை ஒருக்கால் நேரில் போய்ப் பார்க்கவேணும்.